தார் நடைக்கு முந்தைய வாரம்: ஒரு கழித்தல் கணக்கு

பாலைவனத்தில் பல நாள் நடக்கப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் என்ன செய்ய வேண்டும்? கொஞ்ச நாளாக இதைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். மணிமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு இவனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். எங்கள் தெருத் தம்பி ஒருவன், ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். அவனும் நண்பர்கள் மூன்று பேரும் ராஜஸ்தானில் பிகானேரிலிருந்து ஜெய்சல்மேர் வரை நடக்கப் போகிறார்கள். சாலைக் கணக்கிலேயே சுமார் 330 கிலோமீட்டர். 12 நாள் திட்டம். டிசம்பரில் போவதாக இருந்தது. நான்கு பேருக்கும் ஒரே சமயத்தில் லீவு அமைந்தது பிப்ரவரி கடைசியில்தான்.

கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது ஒரு பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தான். 41 பொருள்கள். "இதுல என்னண்ணா விட்டுப்போச்சு?" என்று கேட்டான்.

நான் பாலைவனம் நடந்தவன் இல்லை. தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. வெயிலில் உழைக்கும் உடம்புக்கு என்ன ஆகும் என்பது என் அன்றாடப் பாடு. மற்றதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. கடைசி வாரத்தில் பட்டியலைக் கூட்டுகிறவர்கள் சிரமப்படுகிறார்கள், குறைக்கிறவர்கள் தப்பிக்கிறார்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

20 டன்னோடு கிளம்பியவர்கள்

1860 ஆகஸ்ட் 20 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலிருந்து ராபர்ட் பர்க் தலைமையில் 19 பேர் கிளம்பினார்கள். கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்க வேண்டும், நடுவில் பெரும் வறள்நிலம். நம்ம பக்கத்துத் தொடர்பும் இதில் உண்டு. அவர்களுடைய ஒட்டகங்களில் பெரும்பாலானவை அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சியிலிருந்து கப்பலேறிப் போனவை, ஓட்டுவதற்கு ஆட்களும் இங்கிருந்தே போனார்கள்.

பணத்துக்குக் குறைவில்லாத பயணம் அது. மொத்தச் சுமை ஏறக்குறைய 20 டன். அதில் ஓக் மரத்து மேஜை இருந்தது, சீனத்துச் சேகண்டி இருந்தது, ஒட்டகங்களுக்குக் கொடுக்க என்று பீப்பாய் பீப்பாயாய் ரம் இருந்தது. பாரம் தாங்காமல் வண்டிகள் ஆரம்பத்திலேயே திணறின. வழியெல்லாம் சாமான்களை இறக்கி வைத்துக்கொண்டே போனார்கள். வேகம் குறைந்தது, குளிர்காலம் கழிந்தது, கோடையில் பாலைக்குள் போய்ச் சேர்ந்தார்கள். பர்க்கும் அவருடைய துணைத் தளபதி வில்ஸும் 1861இல் கூப்பர் ஓடைக் கரையில் இறந்துபோனார்கள். அந்தப் பயணத்தில் இறந்தவர்கள் மொத்தம் ஏழு பேர்.

கடைசிக் கட்டத்தில் அவர்கள் உயிரைப் பிடித்துவைத்திருந்தது அங்குள்ள யாந்த்ருவாந்தா பழங்குடி மக்களின் உணவு. நார்டூ என்ற நீர்ப்பெரணியின் வித்துகளை அரைத்து அந்த மக்கள் சாப்பிடுவார்கள். அதை முறைப்படி பக்குவம் செய்யாவிட்டால், உடம்பில் இருக்கும் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி அதில் தங்கிவிடும். வெள்ளைக்காரர்கள் பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளாமல் மாவை மட்டும் தின்றார்கள், வயிறு நிறைந்தும் உடம்பு கரைந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த மக்களோடு சேர்ந்துகொண்ட ஜான் கிங் ஒருவர்தான் அந்தக் குழுவில் பிழைத்தார்.

சேகண்டியைச் சுமந்துபோனவர்களுக்கு இந்தப் பக்குவத்தைச் சுமக்க இடமில்லை. தம்பியின் பட்டியலில் சேகண்டி இல்லைதான். ஆனால் ட்ரோன் இருந்தது, புளூடூத் ஸ்பீக்கர் இருந்தது, மடக்கு நாற்காலி நான்கு இருந்தன.

கேன் கணக்கு

நம்ம பகுதியில் தண்ணீர் எடை தெரியாதவர் கிடையாது. 20 லிட்டர் கேனை மாடிக்குத் தூக்கிப்போன எல்லோருக்கும் தெரியும். அதனால் லிட்டரை விட்டுவிட்டுக் கேனில் பேசினேன்.

தம்பி தலைக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று எழுதியிருந்தான். அதை 6 ஆக்கச் சொன்னேன் (ஏன் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்). நான்கு பேருக்கு 24 லிட்டர், அதாவது ஒரு நாளைக்கு ஒரு கேனும் அதற்கு மேல் 4 லிட்டரும். நிச்சயமாகத் தண்ணீர் கிடைக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே இரண்டு நாள் நடை என்றால் 48 லிட்டர். எதிர்பார்த்த இடத்தில் கிடைக்காமல் போனால் சமாளிக்க இன்னும் ஒரு நாளைக்கு 24. ஆக 72 லிட்டர், 72 கிலோ. இதை முதுகில் பிரித்துக் கட்டினால் தலைக்கு 18 கிலோ. சாப்பாடு, போர்வை, கூடாரம் எல்லாம் அதற்கு மேலே.

இந்த ஒரு கணக்கு போட்டதுமே மடக்கு நாற்காலிகள் பட்டியலிலிருந்து தானாக இறங்கிவிட்டன. பாலையில் பாதையை முடிவு செய்வது வரைபடம் இல்லை, தண்ணீருக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள தூரம்.

எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு இது எளிதில் உறைக்காது. 7ஆம் நூற்றாண்டில் வாதாபியிலிருந்து வந்த இரண்டாம் புலிகேசியின் படையை நரசிம்மவர்ம பல்லவன் தோற்கடித்த இடங்களில் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்கிறது. அவ்வளவு பெரிய படை இங்கே வந்து நிற்க முடிந்ததென்றால் ஊருக்கு ஊர் நீர்நிலை இருந்திருக்க வேண்டும். இன்றைக்கும் மணிமங்கலம் ஏரியிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் இன்னொரு ஏரியோ குளமோ வந்துவிடும். தொண்டை மண்டலத்துக்காரன் நடக்கும்போது தண்ணீரைச் சுமந்து பழகியவன் இல்லை.

தாரில் தண்ணீர் இல்லாமல் இல்லை. மக்கள் நெருக்கமாக வாழும் பாலைவனங்களில் அதுவும் ஒன்று. வீட்டுக்கு வீடு டாங்கா என்ற நிலத்தடித் தொட்டி உண்டு. சுற்றிலும் உள்ள தரையைப் பெருக்கி வைத்து, மழை பெய்யும்போது வழிகிற நீரை அதில் சேமிப்பார்கள். ஆனால் அங்கே மழை ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. பிப்ரவரி கடைசியில் அந்தத் தொட்டி பாதிக்குக் கீழே போயிருக்கலாம், அடுத்த மழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும். குடிக்க ஒரு செம்பு யாரும் கொடுப்பார்கள். ஒரு குடும்பத்தின் தொட்டியிலிருந்து 24 லிட்டர் கேட்பது வேறு சங்கதி. கடையிலோ டேங்கரிலோ விலைக்கு வாங்குவதாகவே திட்டம் இருக்க வேண்டும்.

ராஜஸ்தான் நிலத்தடி நீரில் பல இடங்களில் உப்பும் ஃபுளோரைடும் அதிகம். மலையேறிகள் வைத்திருக்கும் சின்ன ஃபில்டர் கிருமியைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. காய்ச்சினால் உப்பின் அளவு கூடத்தான் செய்யும். ஆர்ஓ மெஷின்காரர் வீட்டுக்கு வந்தால் நீட்டிக் காட்டுவாரே, அந்த டிடிஎஸ் மீட்டர் ஒன்றை எடுத்துப்போகச் சொன்னேன். சட்டைப் பையில் அடங்கும். இந்தியத் தர நிர்ணயப்படி 500 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. அதற்கு மேல் காட்டினால் அந்தக் கிணற்றை விட்டுவிட வேண்டும். பட்டியலில் நான் சேர்த்த மிகச் சில பொருள்களில் இது ஒன்று.

இன்னொரு யோசனையும் வைத்திருந்தான். முன்கூட்டியே ஒரு ஜீப்பில் போய், வழியில் மூன்று இடங்களில் தண்ணீரைப் புதைத்து வைத்துவிடலாம் என்று. பால் சாலோபெக் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2013இல் எத்தியோப்பியாவிலிருந்து கிளம்பி உலகத்தின் குறுக்கே நடக்கத் தொடங்கியவர், இந்தியாவையும் நடந்தே கடந்தவர். அவர் உஸ்பெகிஸ்தானில் கிசில்கும் பாலையைக் கடக்கும்போது இப்படித்தான் புதைத்து வைத்திருந்தார். போய்ப் பார்த்தால் யாரோ தோண்டி எடுத்திருந்தார்கள். கண் முன்னால் இல்லாத தண்ணீரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நம்ம ஊர் வியர்வை, அந்த ஊர் வியர்வை

4 லிட்டர் ஏன் போதாது? தம்பி சொன்ன காரணம்: "இங்க ஏப்ரல்லயே நான் அவ்ளோதாண்ணா குடிக்கிறேன். அங்க வெயில் கம்மி." உண்மைதான், பிப்ரவரி கடைசியில் பிகானேர் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆனால் வியர்வையை நாம் அளக்கும் விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது.

வியர்வை உடம்பைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நம்ம ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைய. ஆவியாக இடமில்லாமல் வியர்வை சட்டையை நனைத்து, முதுகில் வழிந்து, தரையில் சொட்டுகிறது. கசகசவென்று இருக்கிறது, "ஐயோ தண்ணி போகுதே" என்று உடனே தெரிகிறது, சொம்பைத் தேடுகிறோம். தாரின் காற்று காய்ந்த காற்று. தோலில் வருவது வந்த கணத்தில் ஆவியாகிவிடும். சட்டை உலர்ந்தே இருக்கும். அக்குளிலும் முதுகிலும் வெள்ளைக் கோடாய் உப்பு மட்டும் படிந்திருக்கும். கடற்கரைப் பக்கத்து ஆளுக்கு உடம்பு தரும் எச்சரிக்கையே அங்கே வராது.

தாகம் சொல்லுமே என்றால், அதுவும் முழுதாகச் சொல்வதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க உடலியல் அறிஞர் எட்வர்ட் அடால்ஃபும் அவர் குழுவும் கலிஃபோர்னியா பாலையில் படைவீரர்களை நடக்க வைத்துச் சோதித்தார்கள், 1947இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்கள். பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும், நடக்கும்போது ஆட்கள் இழந்ததில் ஒரு பங்கை மட்டுமே குடித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் மீதியை ஈடுசெய்தார்கள். இன்னும் இரண்டு விஷயங்களும் அதில் தெளிவாயின. குறைத்துக் குடித்துப் பழகினால் உடம்பு குறைவாக வியர்க்கும் என்ற நம்பிக்கை பொய், குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வியர்வை வந்தே தீரும். வெயிலில் சட்டையைக் கழற்றினால் வியர்வை கூடும், முழுக்கைத் தொளதொளச் சட்டை போட்டால் குறையும். ராஜஸ்தான் கிழவர்களின் தலைப்பாகையும் நீளச் சட்டையும் வெறும் அலங்காரம் இல்லை.

அளந்து பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வீட்டு எடைமெஷின் போதும். மதியம் இரண்டு மணிக்கு 12 கிலோ பையோடு ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னேன். நடக்கும் முன் எடை 62.4, நடந்த பின் உடம்பைத் துடைத்துவிட்டு 61.5. நடுவில் 300 மில்லி குடித்திருந்தான். 900 கிராமும் 300 மில்லியும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் போனது 1.2 லிட்டர். "ஒரு மணி நேரத்துல இவ்ளோவா?" என்று அவனே திகைத்துவிட்டான். பாலையில் காலை 6 முதல் 10, மாலை 4 முதல் 6 என்று குளிர்ந்த நேரத்தில் நடந்தால் இதில் பாதியாகலாம். ஆறு மணி நேரத்துக்கு மூன்றரை லிட்டர், மற்ற 18 மணி நேரத்துக்கும் சமையலுக்கும் சேர்த்து இரண்டரை. அப்படித்தான் 6 வந்தது. மார்ச் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிப்போனால் 6உம் போதாது. 2016 மே மாதம் 51 டிகிரியைத் தொட்ட ஃபலோடி ஊர் இவர்கள் போகும் வழியில்தான் இருக்கிறது.

எட்டு நாளில் வராதவை

உடம்பு வெப்பத்துக்குப் பழகுவது நிஜமான ஒரு மாற்றம். முதல் சில நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், வியர்வையில் போகும் உப்பு குறையும். இது முழுமையாக 7 முதல் 14 நாள் ஆகும். விட்டுவிட்டால் சில வாரங்களில் கரைந்தும் போகும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சொல்லும் ஒரு தகவலை எங்கள் பயிற்சி வகுப்பில் எப்போதும் சொல்வேன்: வேலையிடத்தில் வெப்பத்தால் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் நாளிலேயே இறந்தவர்கள், 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்தில். அதனால்தான் புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெயில் வேலை, பிறகு தினம் ஐந்தில் ஒரு பங்காகக் கூட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். சித்திரையில் இந்தத் தொழிற்பேட்டைக்கு முதன்முதலாக வந்து இறங்கும் பிள்ளைகளுக்கும் இதே உடம்புதான், இதே கணக்குதான்.

தம்பி வேலை செய்வது கூரைக்குக் கீழே, மின்விசிறிக்கு அடியில். எட்டு நாளும் மதியம் தினசரி ஒன்றரை மணி நேரம் நடக்கச் சொன்னேன், முதல் இரண்டு நாள் பையில்லாமல். முழுப் பலன் வராது. வரும் அளவுக்கு வரட்டும்.

பாதமும் அப்படித்தான். புனேயைச் சேர்ந்த சுசேதா கடேதங்கர் 2011இல் மங்கோலியாவின் கோபி பாலையை நடந்து கடந்தார், அதைச் செய்த முதல் இந்தியப் பெண். 1,623 கிலோமீட்டர், 51 நாள் 11 மணி 40 நிமிடம். சராசரி போட்டால் தினம் 31 கிலோமீட்டருக்கு மேல். ஒன்பது நாடுகளிலிருந்து 13 பேர் கிளம்பிய குழு அது, எல்லோராலும் முடிக்க இயலவில்லை. 30 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 40,000 அடி. ஒவ்வொரு அடியிலும் காலணிக்குள் தோல் ஒரு நூலளவு வழுக்கினால் போதும், அன்று மாலையே கொப்புளம்.

கடைசி வாரத்தில் புது ஷூ வாங்கவே கூடாது. நான்கு பேரில் ஒருவர் வாங்கி வைத்திருந்தார், "பழசு கிழிஞ்சிடுமோன்னு" என்று காரணம் சொன்னார். கிழிந்ததைத் தைத்துக்கொள்ளலாம், பாதத்தைத் தைக்க முடியாது. பழைய ஷூவே போகட்டும் என்று முடிவாயிற்று. நடந்து நடந்து கால் வீங்கும் என்பதால் உள்ளே கட்டைவிரல் அளவு இடம் இருக்க வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும், அதுவும் கிளம்புவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே. நடக்கும்போது ஓரிடம் சுடுகிற மாதிரி இருந்தால் அந்த நிமிடமே உட்கார்ந்து, மணலைத் தட்டி, பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். "அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்" என்று நடப்பவர்தான் அடுத்த ஊரில் நொண்டுகிறார்.

உப்பும் சாப்பாடும்

வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தாலும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, அதிகம் குடித்து ஓடும்போதே எடை கூடியவர்களிடம் அது முக்கியமாகத் தெரிந்தது. பார்ப்பவருக்கு இது நீரிழப்பு மாதிரியே இருக்கும். இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்குவார்கள்.

இதற்கு விலையுயர்ந்த மாத்திரை எதுவும் வேண்டாம். மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம் போதும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் 20.5 கிராம்: உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, மீதி பொட்டாசியமும் சிட்ரேட்டும். குளுக்கோஸோடு சேர்ந்தால்தான் குடல் சோடியத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். 1971 போரின்போது வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனபிஸ் இந்தக் கரைசலைக் கொண்டு எத்தனையோ காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். நடப்பவருக்குத் தினம் ஒரு பொட்டலம், கூடவே உப்புப் போட்ட சாப்பாடு. ஊறுகாயைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம் என்றதும் தம்பி முகம் மலர்ந்தது.

சாப்பாட்டில் பார்க்க வேண்டியது, அதை உண்ண எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்பது. அரிசியும் பருப்பும் வேகத் தண்ணீர், பாத்திரம் கழுவத் தண்ணீர். அவல் ஊறினாலே போதும், ஊறும் நீரும் வயிற்றுக்குள்தான் போகிறது. சத்துமாவும் அப்படியே. வேர்க்கடலை 100 கிராமில் 560 கிலோ கலோரிக்கு மேல், கடலை மிட்டாயும் குறைந்ததில்லை. ஐந்து கிலோ அரிசி பட்டியலிலிருந்து போயிற்று, அவலும் கடலையும் வந்தன. மாலை ஊர் கிடைக்கும் நாளில் அங்கேயே பஜ்ரா ரொட்டி வாங்கிச் சாப்பிடலாம்.

முள்ளும் வன்னியும்

72 கிலோ தண்ணீரைச் சுமக்க இரண்டு சக்கர இழுவண்டி ஒன்றை ஒரகடத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்திருந்தார்கள். வேலை சுத்தம். ஆனால் சக்கரம் சாதா சைக்கிள் டயர். மணலில் மெல்லிய டயர் கத்தி மாதிரி இறங்கும், அதனால் அகல டயருக்கு மாற்றச் சொன்னேன். அங்கே சீமைக்கருவேலமும் உண்டு. நம்ம ஏரிக்குள் மண்டிக் கிடக்கும் அதே மரம், அதே முள். பஞ்சர் ஒட்டும் பொருளும் ஒரு கைப்பம்பும் இல்லாமல் அந்த வண்டி இரண்டாம் நாளைத் தாண்டாது.

வண்டியையும் கேன்களையும் வீட்டிலேயே சோதிக்க வேண்டும். கேன்களில் நீர் நிரப்பி, மூடி கீழே இருக்கும்படி ஒரு இரவு கவிழ்த்து, அடியில் செய்தித்தாள் விரித்து வைக்கச் சொன்னேன். காலையில் இரண்டு கேன்களுக்குக் கீழே காகிதம் நனைந்திருந்தது. அதைப் பாலையில் கண்டுபிடிப்பதைவிட மணிமங்கலத்தில் கண்டுபிடிப்பது மலிவு.

விறகு விஷயம் ஒன்று. அங்கே கேஜ்ரி என்று சொல்வது நம்ம வன்னி மரத்தைத்தான். ராஜஸ்தானின் மாநில மரம். 1730இல் ஜோத்பூர் பக்கம் கேஜ்ரலி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட வந்த அரசனின் ஆட்களைத் தடுத்து, அம்ரிதா தேவி முதலாக 363 பிஷ்னோய் மக்கள் உயிர்விட்டார்கள். அந்த மக்கள் இன்றும் இவர்கள் நடக்கும் மாவட்டங்களில் வாழ்கிறார்கள். குளிருக்கு நெருப்பு மூட்ட அதில் ஒரு கிளையைக்கூட ஒடிக்கக் கூடாது. இரவுக்குக் கூடுதலாக ஒரு கம்பளி எடுத்துக்கொள்வதே மரியாதை.

சட்டம் தடுக்கும் பொருள்

வெளிநாட்டு நடைக்காரர்களின் பட்டியலைப் பார்த்து நகலெடுப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி எல்லா வெளிநாட்டுப் பட்டியல்களிலும் முதல் வரிசையில் இருக்கும். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ அந்த மாதிரிக் கருவியோ வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களிலேயே பிடிபட்டு வழக்கைச் சந்தித்தவர்கள் உண்டு. பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய மாவட்டத்தில் அது பையில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். தம்பியின் நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரிடம் இரவல் வாங்கி வைத்திருந்தார். திருப்பிக் கொடுத்தாயிற்று. அதே காரணத்துக்காக ட்ரோனும் வீட்டில்.

பிகானேர் மாவட்டத்தில் மகாஜன், ஜெய்சல்மேர் மாவட்டத்தில் பொக்ரான் என்று ராணுவத்தின் பெரிய சுடுதளங்கள் இருக்கின்றன. குறுக்கு வழி என்று ஒரு வேலியைத் தாண்டினால் அது சுடுதளமாக இருக்கலாம். எல்லையோரக் கிராமங்களுக்கு மாவட்ட நிர்வாக அனுமதி தேவைப்படும் இடங்களும் உண்டு. பிகானேரில் இறங்கிய முதல் நாளை நடைக்கு ஒதுக்காமல், காவல் நிலையத்தில் வழித்தடத்தை எழுதிக் கொடுக்க ஒதுக்கச் சொன்னேன். 12 நாள் திட்டம் 13 நாளாகும், ஆகட்டும்.

வீட்டில் விட்டுச்செல்லும் தாள்

பர்க் கதையில் மிகக் கொடுமையான பகுதியை இதுவரை சொல்லவில்லை. வடகோடி வரை போய்விட்டுப் பட்டினியோடு அவர்கள் கூப்பர் ஓடை முகாமுக்குத் திரும்பிய நாள் 1861 ஏப்ரல் 21 மாலை. அங்கே காத்திருந்த குழு, மூன்று மாதம் காத்திருக்கச் சொன்ன இடத்தில் நான்கு மாதத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு, அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தது. ஏறக்குறைய ஒன்பது மணி நேர வித்தியாசம். ஒரு மரத்தில் "தோண்டு" என்று செதுக்கி, அடியில் உணவைப் புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பர்க் குழு தோண்டி எடுத்தது, தாங்கள் வந்ததாகக் கடிதம் எழுதி அதே குழியில் வைத்து மூடியது, மரத்தில் புது அடையாளம் எதுவும் செதுக்காமல் வேறு வழியில் போய்விட்டது. சில நாளில் காத்திருந்த குழுவின் தலைவர் மனம் கேளாமல் திரும்பி வந்து பார்த்தார். மரம் விட்டுப்போன மாதிரியே இருந்தது. யாரும் வரவில்லை என்று நினைத்துத் திரும்பிவிட்டார்.

உணவு இருந்தது, காத்திருக்க ஆளும் இருந்தது. யார் எப்போது எங்கே, தவறினால் என்ன என்ற உடன்பாடு மட்டும் எழுத்தில் இல்லை.

அதனால் எட்டு நாளில் நான் அதிக நேரம் செலவிட்டது ஒரு பக்கத் தாள் ஒன்றுக்குத்தான். தமிழில், நான்கு வீட்டுக்கும் ஒவ்வொரு பிரதி. அதில் இருப்பவை: நாள்வாரியாக எந்த ஊர், மாலை எந்த நேரத்துக்குள் போன், நால்வரின் ரத்த வகை, இரண்டு மாவட்டங்களின் காவல் கட்டுப்பாட்டு அறை எண், அவசர எண் 112. ஒரு மாலை போன் வராவிட்டால் சிக்னல் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் மதியம் 12 வரை வராவிட்டால், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று யோசிக்காமல் வீட்டிலிருந்து போன் போக வேண்டும். யார் போடுவது என்று பெயர் எழுதியிருக்க வேண்டும். பெயர் எழுதாத பொறுப்பை நான்கு வீட்டில் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

தாளின் பின்பக்கம் நடப்பவர்களுக்கு. அடுத்த நீரிடத்தை அடையும் முன் தண்ணீர் பாதியாகிவிட்டால் திரும்ப வேண்டும் அல்லது நெடுஞ்சாலைக்குப் போக வேண்டும். ஒருவருக்குக் குழப்பமோ வாந்தியோ வந்தால் நால்வரும் அன்றைய நடையை நிறுத்த வேண்டும். நால்வரில் எவர் ஒருவர் "போதும்" என்றாலும் போதும், வாக்கெடுப்பு கிடையாது. இந்த விதிகளை நிழலில் உட்கார்ந்து, வயிறு நிறைந்து, மனம் தெளிவாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெயிலில் மூளை சோர்ந்த பிறகு எடுக்கும் முடிவெல்லாம் "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்றுதான் முடியும்.

41 பொருள்கள் கடைசியில் 26 ஆயின. எடுத்தது 19, சேர்த்தது நான்கு: டிடிஎஸ் மீட்டர், பஞ்சர் சாமான், கூடுதல் கம்பளி, அந்தத் தாள்.